வாசிக்காத சத்தம்: எலெக்ட்ரிக் கிட்டாரில் வேண்டாத மேற்சுரங்களைக் கண்டுபிடித்து அடக்குவது

பவர் கார்ட் ஒன்றை அடித்துவிட்டு உள்ளங்கையால் சட்டென்று நிறுத்துகிறீர்கள். ஆம்ப் அமைதியாகிவிட வேண்டும். ஆகவில்லை. கை தந்திகளின் மேலேயே இருக்கிறது, ஆனாலும் 'ணிங்' என்று மெல்லிய ஒலி ஒன்று ஒரு நொடிக்கு மேல் நீள்கிறது. அல்லது தடித்த தந்தியில் பதினைந்தாவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஒரு சுரத்துக்குப் பதில் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதித் தள்ளாடுகின்றன. அல்லது திறந்த தந்தி ஒன்று மட்டும் சிதார் போல ரீங்கரிக்கிறது.

இந்த மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், மருந்தும் வெவ்வேறு. இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, ஏறக்குறைய செலவில்லாமல் தீர்த்துவிடலாம். அதற்கு ஒரே நிபந்தனை: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரிகிறவரை எதையும் வாங்கக்கூடாது, எதையும் அரத்தால் தேய்க்கவும் கூடாது. இந்த அத்தியாயத்தின் பாதி கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசுவது அதனால்தான்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

மீட்டிய தந்தி முழு நீளத்தில் அதிரும். அதே நேரத்தில் பாதியாக, மூன்றில் ஒன்றாக, கால் பாகமாகவும் அதிரும். ஐந்தாவது தந்தி 110 ஹெர்ட்ஸில் ஒலித்தால் 220, 330, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கூடவே வரும். இவைதான் மேற்சுரங்கள். கிட்டாருக்குக் கிட்டாரின் குரலைத் தருபவையும் இவையே. ஆகவே எல்லா மேற்சுரங்களையும் கொல்வது நம் வேலையல்ல.

வேண்டாதவை மூன்று வழிகளில் வருகின்றன. நீங்கள் வாசிக்காத ஏதோ ஒரு உலோகம் கூடவே ஒலிக்கும். வாசிக்கிற தந்தியின் அசைவை ஏதோ ஒன்று தடுக்கும் அல்லது இழுக்கும். இரண்டும் இல்லையென்றால் கிட்டாருக்குப் பின்னால், பெடலிலோ ஆம்பிலோ, சத்தம் உருவாகும்.

டிஸ்டார்ஷன் போட்டதும் எல்லாம் மோசமாவது ஏன்? கெயினைக் கூட்டும்போது பெரிய ஒலிகள் ஓர் உச்சத்தில் வெட்டப்பட்டு நின்றுவிடும், சின்ன ஒலிகளோ மேலேறி வந்து அவற்றுக்கு நிகராக நிற்கும். சுத்தமான டோனில் காதில் விழாத ரீங்காரம் கெயினில் பாட்டையே கெடுப்பது இப்படித்தான். இதனால் சிலர் கிட்டாரை விட்டுவிட்டுப் பெடலைக் குறை சொல்வார்கள்.

கை வைப்பதற்கு முன்

கிட்டார் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. வாசிக்கும்போது நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது அந்த எர்த்தைத்தான். எர்த் பின்னை உடைத்துவிட்ட மூன்று முனை பிளக்கிலோ, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ ஆம்பைச் செருகிச் சோதனை செய்யாதீர்கள். தந்தியைத் தொட்டதும் லேசாகச் 'சுர்' என்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆம்பை நீங்களே திறக்கவும் வேண்டாம். குறிப்பாக வால்வ் ஆம்பில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

தந்தியைக் கழற்றும்போதும் வெட்டும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இழுவிசையில் இருக்கும் தந்தியை அப்படியே வெட்டக்கூடாது, முதலில் தளர்த்த வேண்டும். சோதனை நேரத்தில் ஆம்பின் சத்தம் பேச்சுக் குரலை மூழ்கடிக்காத அளவில் இருக்கட்டும். கெயின் கூடுதலாக இருக்கலாம், வால்யூம் கூடுதலாக இருக்கத் தேவையில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ட்யூனர் (செயலியே போதும்), சின்ன ஸ்க்ரூடிரைவர், சேடில் திருகுக்கு ஆலன் கீ, மாஸ்கிங் டேப், ஒரு முழம் வெல்வெட் ரிப்பன் அல்லது பழைய பனியன் துணி, ஒலிப்பதிவுக்குக் கைபேசி. கூடவே உதவிக்கு ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும்.

கண்டுபிடிக்கும் வரிசை

1. முதலில் ட்யூன் செய்யுங்கள். ட்யூனிங் விலகிய கிட்டாரில் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை.

2. சத்தம் எப்போது வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட், மீட்டும்போதா, நிறுத்திய பிறகா? "எல்லா இடத்திலும் வருது" என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். பொறுமையாக ஒவ்வொரு ஃப்ரெட்டாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓர் எல்லை தெரியும்.

3. கேபிளைப் பிடுங்கிவிட்டு, அமைதியான அறையில் கிட்டாரின் உடலில் காதை ஒட்டி வைத்து அதே இடத்தை வாசியுங்கள். பிறகு சுத்தமான டோனில் ஆம்ப் வழியாக, அதன் பிறகு கெயினோடு. கேபிள் இல்லாமல் மட்டும் கேட்டு, ஆம்பில் எந்த நிலையிலும் கேட்காத சத்தத்தை அப்படியே விட்டுவிடலாம். அதைத் துரத்திப் பலர் நல்ல நட்டையும் சேடிலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

4. கெயினைக் கூட்டிச் சத்தத்தை வரவழைத்து, உதவிக்கு இருப்பவரை ஒவ்வோர் இடமாகத் தொடச் சொல்லுங்கள். முதலில் நட்டுக்கும் ட்யூனர்களுக்கும் நடுவே உள்ள தந்திகள். அடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தந்திகள். பிறகு நீங்கள் வாசிக்காத மற்றத் தந்திகள். கடைசியாக, பின்பக்க மூடியைக் கழற்றி ட்ரெமோலோ ஸ்பிரிங்குகள். எங்கே விரல் பட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். தனியாக இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் துணியைச் செருகிப் பாருங்கள்.

5. எங்கே தொட்டாலும் நிற்கவில்லை என்றால், பிக்கப் உயரம், நட் பள்ளம், சேடில், பழைய தந்தி என்ற வரிசையில் பாருங்கள்.

6. வேறொரு கிட்டாரை அதே கேபிளில் செருகிப் பாருங்கள். அதிலும் அதே சத்தம் வந்தால் உங்கள் கிட்டார் நிரபராதி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. நட்டுக்குப் பின்னால் துணி, ஸ்பிரிங்குக்குள் பஞ்சு, பிக்கப்பைத் தாழ்த்துதல் மூன்றையும் ஒரே மாலையில் செய்தால் சத்தம் நிற்கலாம். எது நிறுத்தியது என்பது மட்டும் தெரியாது. அடுத்த தடவை தந்தி மாற்றும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

*குறிப்பு:* நிறுத்திய பிறகும் நீளும் ரீங்காரத்தை ட்யூனரில் பிடிக்க முடிந்தால் அது என்ன சுரம் என்று பாருங்கள். பிறகு நட்டுக்குப் பின்னால் உள்ள ஆறு குட்டித் துண்டுகளையும், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ளவற்றையும் நகத்தால் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எது அதே சுரத்தைத் தருகிறதோ அதுதான் குற்றவாளி.

நட்டுக்குப் பின்னால்

நீங்கள் வாசிப்பது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 648 மி.மீ., லெஸ் பாலில் ஏறக்குறைய 628. ஆனால் தந்தி நட்டோடு முடிவதில்லை. அங்கிருந்து ட்யூனர் வரை இன்னும் சில சென்டிமீட்டர் இறுக்கமாக நிற்கிறது, அதுவும் ஒரு தந்திதான். பலமாகப் பிக் அடித்தால் நட் வழியாக அதிர்வு அதற்கும் போகும். ட்யூனர்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும் தலைப்பகுதியில் ஒவ்வொரு துண்டும் வேறு நீளம், ஆகவே வேறு வேறு சுரம். உள்ளங்கையை வைத்து 'டக் டக்' என்று வெட்டி வெட்டி வாசிக்கும் மெட்டல் ரிதத்தில் இது மிகத் தெளிவாகக் கேட்கும். பூட்டு நட் வைத்த ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டார்களில் தந்தி நட்டிலேயே இறுகப் பிடிக்கப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு.

தீர்க்கும் முறை:

1. கிட்டாரை முழுமையாக ட்யூன் செய்யுங்கள்.
2. வெல்வெட் ரிப்பனை ஒரு தந்திக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்னிச் செருகுங்கள். நட்டை ஒட்டாமல், நட்டுக்கும் முதல் ட்யூனருக்கும் நடுவில் வையுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் துணி சுற்றிய ஹேர் பேண்டைத் தலைப்பகுதியில் மாட்டினாலும் போதும்.
3. மறுபடி ட்யூனிங்கைப் பாருங்கள். சுரம் ஏறியிருந்தால் துணி தடிமன் அதிகம், தந்தியைத் தள்ளுகிறது. மெல்லியதாக மாற்றுங்கள்.
4. ஒரு தந்தியைப் பலமாக வளைத்து வாசித்துவிட்டுத் திரும்பவும் ட்யூனரைப் பாருங்கள். தந்தி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் துணி அதைப் பிடித்துக்கொள்கிறது.

இதே பட்டையை நட்டைத் தாண்டி முதல் ஃப்ரெட்டின் மேல் இழுத்துவிட்டால் திறந்த தந்திகளும் அடங்கிவிடும். இரு கைகளாலும் தட்டி வாசிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மைக்கேல் ஜாக்சனின் மேடைகளில் கிட்டார் வாசித்த ஜெனிபர் பேட்டன் அந்த இடத்தில் தனி டேம்பர் பூட்டி வாசிப்பவர். தட்டி வாசிக்கும்போது விரலுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள பகுதியும் ஒலிக்கும், அதை அடக்கக் கை மிச்சமிருக்காது. ஆனால் திறந்த கார்ட் வரும் பாட்டுக்கு முன்னால் பட்டையை நட்டுக்குப் பின்னால் தள்ளிவிட மறக்காதீர்கள்.

*எச்சரிக்கை:* ரப்பர் பேண்டையோ ஃபோம் துண்டையோ மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பூசிய கிட்டாரில் ரப்பர் பட்ட இடம் நிறம் மாறி இளகிவிடும். மலிவான ஃபோம் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் வெல்வெட்டும் பாதுகாப்பு.

பிரிட்ஜுக்குப் பின்னால்

லெஸ் பால் வகையில் பிரிட்ஜுக்கும் தந்தியைப் பிடிக்கும் கட்டைக்கும் நடுவே கொஞ்சம் தந்தி மிச்சமிருக்கும். அங்கேயும் துணிதான் மருந்து, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டரும் 1962-இல் வந்த ஜாகுவாரும் வேறு கதை. இரண்டிலும் பிரிட்ஜுக்குப் பின்னால் நீளமான தந்தி கிடக்கிறது. குறிப்பிட்ட சில சுரங்களை வாசிக்கும்போது மணி போல ஓர் ஒலி கூடவே எழும். சோனிக் யூத் குழுவினர் அந்தப் பகுதியையே வேண்டுமென்று மீட்டித் தங்கள் இசையில் சேர்த்தார்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் ரிப்பனைப் பின்னிவிடுங்கள். ஜாகுவாரில் ஃபெண்டர் நிறுவனமே, அழுத்தினால் தந்தியில் பட்டு ஒலியை அடக்கும் ஃபோம் பட்டை ஒன்றையும் வைத்தது. அது பிரிட்ஜுக்கு முன்னால், வாசிக்கும் நீளத்தையே அடக்குவது. பின்னால் வரும் மணியொலிக்கு அதை நம்பாதீர்கள்.

இந்தக் கிட்டார்களில் தந்தி பிரிட்ஜின் மேல் அதிகம் மடங்காமல் போவதால் சேடிலில் அழுத்தம் குறைவு, 'ஸர்ர்' என்ற உரசலும் வரலாம். இன்னும் தடித்த தந்தி செட் போட்டால் பெரும்பாலும் அடங்கும். 009-இல் இருப்பவர்கள் 011-க்குப் போய்ப் பாருங்கள். ஆனால் இழுவிசை கூடும், ட்ரஸ் ராடையும் ட்ரெமோலோவையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

உடலுக்குள் ஒலிக்கும் ஸ்பிரிங்குகள்

1954-இல் வெளிவந்த நாள் முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முதுகுக்குள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தந்தி போலவே அதிரக்கூடியது. ஒரு சுரத்தைச் சட்டென்று நிறுத்தியதும் ரிவெர்ப் போட்டது போல வால் நீண்டால் முதல் சந்தேகம் இங்கேதான். அந்த ஒலி சில ஸ்ட்ராட் பிரியர்களுக்குப் பிடிக்கும், சுத்தமான டோனில் எனக்கும் பிடிக்கும். கெயினில் மட்டுமே அது இடைஞ்சல்.

1. கேபிளைப் பிடுங்குங்கள். மெத்தென்ற துணிமேல் கிட்டாரைக் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றுங்கள். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.
2. கிட்டாரை நிமிர்த்திப் பிடித்து, பலமாக ஒரு கார்ட் அடித்து நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்குகளின் மேல் விரல்களைப் பரப்பி வையுங்கள். வால் அறுந்துவிட்டால் காரணம் அதுவே.
3. பனியன் துணியை இரண்டு மூன்று விரல் அகலத்தில் வெட்டி, ஸ்பிரிங்குகளுக்கும் மரத்துக்கும் நடுவே லேசாகத் தொடும்படி வையுங்கள். அல்லது மெல்லிய துணியை ஸ்பிரிங்குகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னுங்கள்.
4. ட்ரெமோலோ கைப்பிடியை முழுதும் அழுத்தி விடுங்கள். ட்யூனிங் திரும்பவில்லை என்றால் துணி அதிகம்.

துணியை அடைத்துத் திணிப்பதுதான் வழக்கமான தவறு. ஸ்பிரிங் நீளவும் சுருங்கவும் வேண்டும், அடைத்தால் ட்ரெமோலோ செத்துவிடும். இன்னொன்று, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடிக்கும் உலோகத் தகட்டில் ஒரு கம்பி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதுதான் நான் முன்னால் சொன்ன எர்த் இணைப்பு. அதை அசைக்காதீர்கள். தந்தி இறுக்கமாக இருக்கும்போது ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து நெம்பவும் வேண்டாம், கண்ணுக்கு நேராகப் பறக்கும்.

கைகள் செய்ய வேண்டிய வேலை

நாலாவது படியில் மற்றத் தந்திகளைத் தொட்டதும் சத்தம் நின்றதா? அப்படியானால் கிட்டாரில் கோளாறு இல்லை. இது எல்லாக் கிட்டாரும் செய்வது. இப்படிச் சோதித்துப் பாருங்கள்: எந்தத் தந்தியையும் தொடாமல் முதல் தந்தியை மட்டும் பலமாக மீட்டி, ஒரு நொடி கழித்து அதை மட்டும் விரலால் நிறுத்துங்கள். அதே சுரம் மெல்லியதாகத் தொடரும். முதல் தந்தி 329.6 ஹெர்ட்ஸ். ஆறாவது தந்தியின் நான்கு மடங்கும் அதுவே, ஐந்தாவது தந்தியின் மூன்று மடங்கு 330. இரண்டும் யாரும் தொடாமலே கிளம்பிவிட்டன. ஆறாவதையும் ஐந்தாவதையும் தொட்டுப் பாருங்கள், ஒலி செத்துவிடும்.

கெயினில் வாசிப்பவருக்கு, ஒலிக்கக்கூடாத தந்திகளை அடக்குவது ஒலிக்க வேண்டியதை வாசிப்பதற்குச் சமமான வேலை. வேலைப் பங்கீடு இப்படி:

1. வாசிக்கும் தந்தியைவிடத் தடித்த தந்திகள் பிக் பிடிக்கும் கையின் பொறுப்பு. உள்ளங்கையின் ஓரம் அவற்றின் மேல் படுத்திருக்கட்டும்.
2. அடுத்து மேலேயுள்ள ஒரு தடித்த தந்தியை ஃப்ரெட் பிடிக்கும் கையின் ஆள்காட்டி விரலின் நுனி தொட்டுக்கொண்டிருக்கட்டும்.
3. மெல்லிய தந்திகள் ஃப்ரெட் பிடிக்கும் கையின் பொறுப்பு. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் சாய்த்துப் படுக்க வைத்தால் அதன் அடிப்பக்கம் அவற்றைத் தொடும்.
4. இந்த நிலையில் ஆறு தந்திகளையும் சேர்த்து அடியுங்கள். ஒரு சுரம் மட்டும் கேட்க வேண்டும். வேறு கேட்டால் எது என்று பார்த்துக் கையைத் திருத்துங்கள். ஒவ்வொரு தந்திக்கும் இதைச் செய்யுங்கள்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. தந்தியை ஒரே விரலால் 5, 7, 12 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு நேர் மேலே தொட்டு அடக்கப் பார்ப்பார்கள். அந்த இடங்களில் லேசாகத் தொட்டால் தந்தி அடங்காது, கணீரென்று ஹார்மோனிக் எழும். அதாவது சத்தத்தை நிறுத்தப் போய்ப் புதுச் சத்தத்தைக் கிளப்பிவிடுவார்கள். 4, 9, 16 பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு, ஒலி மெலிதாக வரும். மருந்து எளிது: அடக்கும்போது எப்போதும் இரண்டு விரல்களால், இரண்டு இடங்களில் தொடுங்கள்.

மீட்டும்போதே 'கீச்' என்று உச்சத்தில் ஒரு சுரம் எழுந்தால் கட்டைவிரலைக் கவனியுங்கள். பிக்கின் முனை மிகக் கொஞ்சமாக வெளியே இருந்தால், பிக் பட்ட அடுத்த கணம் விரல் சதையும் தந்தியில் உரசும். ராக் கிட்டாரிஸ்டுகள் வேண்டுமென்று எழுப்பும் பிஞ்ச் ஹார்மோனிக் அதுதான். பிக்கை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நீட்டிப் பிடியுங்கள்.

காந்தம் இழுக்கும்போது

தடித்த தந்திகளில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போக, சுரம் தள்ளாடி இரட்டையாகக் கேட்கிறதா? இன்டொனேஷனை எவ்வளவு திருகியும் சரியாகவில்லையா? பிக்கப் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. தந்தி மேலும் கீழும் அதிர்வதும் பக்கவாட்டில் அதிர்வதும் வெவ்வேறு வேகத்தில் நடக்கும், அவற்றின் மேற்சுரங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஸ்ட்ராட் வகையில் தந்திக்கு நேர் கீழேயே காந்தத் தண்டுகள் நிற்பதால் இது அங்கே அதிகம். ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும், இழுப்பு குறைவு.

பலருக்குத் தெரியாத விஷயம்: ஸ்விட்சைத் திருப்பி நெக் பிக்கப்பை அணைத்தாலும் இழுப்பு போகாது. ஸ்விட்ச் நிறுத்துவது மின்சாரத்தை. காந்தம் எப்போதும் காந்தம்தான். அதனால் பிரிட்ஜ் பிக்கப்பில் வாசிக்கும்போதும் நெக் பிக்கப்பின் உயரம் உங்களைத் தொந்தரவு செய்யும்.

1. ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள்.
2. தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து காந்தத் தண்டின் உச்சிவரை ஸ்கேலால் அளவெடுங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. காந்தம் வலுவான டெக்ஸஸ் ஸ்பெஷல் வகைக்கு 3.2, 2.4. ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 1.6.
3. நெக் பிக்கப்பின் தடித்த பக்கத்துத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பித் தாழ்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பதினைந்தாவது ஃப்ரெட்டை வாசித்துக் கேளுங்கள்.
4. தள்ளாட்டம் நின்றதும் நிறுத்துங்கள். இன்டொனேஷனை இப்போது சரிசெய்யுங்கள், இதற்கு முன்னால் செய்திருந்தால் அது வீண்வேலை.

தாழ்த்தினால் ஒலி குறையும் என்று பயப்படுவார்கள். கொஞ்சம் குறையும், ஆம்பைக் கொஞ்சம் ஏற்றினால் ஈடாகிவிடும். சுரம் நீடிப்பது கூடும். என்னைக் கேட்டால், உயரமாக ஏற்றி வைத்த சிங்கிள் காயிலால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம்.

நட் பள்ளமும் சேடிலும்

தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் வைத்து, தந்தி உரசி உரசி மேற்சுரங்களை உதிர்க்கும்படி செய்வார்கள். கிட்டாரின் நட் பள்ளம் தட்டையாகிவிட்டால் அதே விளைவு, யாரும் கேட்காமலே. தந்தி, பள்ளத்தின் விரல்பலகைப் பக்க விளிம்பில் மட்டும் தாங்கி நிற்க வேண்டும். அங்கிருந்து ட்யூனரை நோக்கிப் பள்ளம் சரிய வேண்டும்.

சோதனை: திறந்த தந்தி மட்டும் ரீங்கரித்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் சுத்தமாகிவிட்டால் கோளாறு நட்டில். உறுதிசெய்ய, சின்னக் காகிதத் துண்டைப் பள்ளத்தில் தந்திக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் சந்தேகமே இல்லை. அழுத்திய பிறகும் எல்லா ஃப்ரெட்டிலும் ரீங்காரம் தொடர்ந்தால், அந்தத் தந்தியின் சேடிலைப் பாருங்கள்: தேய்ந்த பள்ளம், கூர்மையான பிசிறு, அல்லது இரண்டு உயரத் திருகுகளில் ஒன்று தகட்டைத் தொடாமல் தொங்குவது. கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணம். ஆலன் கீயால் கால் சுற்று இறக்கினால் முடிந்தது.

நட்டைத் தேய்க்கும் வேலையை முதல் தடவை செய்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவுக்கு மேல் ஒரு இழுப்பு போதும், பள்ளம் ஆழமாகி நட்டையே மாற்ற வேண்டிவரும். சேடில் பிசிறை 600 எண் உப்புத்தாளால் நீங்களே மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கு முன் பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுதும் மூடுங்கள். உலோகத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

பழைய தந்தி, தளர்ந்த திருகு

அழுக்கும் துருவும் ஏறிய தந்தியின் எடை நீளம் முழுதும் ஒரே சீராக இருக்காது, மேற்சுரங்களும் ஒழுங்காக அமையாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் ஒன்றும், அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரம் ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். போன மாதம் ஒத்திருந்தவை இன்று விலகினால் தந்தியை மாற்றுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்துவிடுவது நல்லது.

புதுத் தந்தியில் பிரச்சினை என்றால் பூட்டியபோது முறுக்கிக்கொண்டதா பாருங்கள். வட்ட உள்கம்பி கொண்ட தந்தியை ட்யூனர் அருகே முதலில் மடக்கி, அதன் பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேலே சுற்றிய கம்பி நெகிழ்ந்து, தந்தி உயிரற்று ஒலிக்கும்.

கடைசியாக, தளர்ந்தவற்றைத் தட்டிப் பாருங்கள்: ட்யூனர் நட்டுகள், பிக்கப் திருகுகள், ஜாக் தகடு, சேடில் திருகுகளைச் சுற்றியுள்ள குட்டி ஸ்பிரிங்குகள். விரலால் அழுத்தினால் நிற்கும் சத்தம், திருகை இறுக்கினாலும் நிற்கும்.

கிட்டாருக்குப் பின்னால்

டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புது ஒலிகள் பிறக்கும். பவர் கார்டில் அவை பொருந்தி நிற்கும், மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் உறுமும். இது கோளாறல்ல. கெயினைக் குறையுங்கள், அல்லது சுரங்களைப் பிரித்து வாசியுங்கள்.

டிஜிட்டல் பெடலிலும் கணினி ஆம்பிலும் வேறொரு சத்தம் உண்டு. முதல் தந்தியில் உயரமான சுரம் ஒன்றை மெதுவாக வளைத்து மேலேற்றுங்கள். சுரம் ஏற ஏற, பின்னணியில் ஒரு ஒலி கீழே இறங்கினால் அது தந்தியிலிருந்து வரவில்லை. எந்தத் தந்தியும் அப்படி நடந்துகொள்ளாது. மென்பொருளில் ஓவர்சாம்ப்ளிங் என்ற வசதி இருந்தால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கெயினைக் குறையுங்கள்.

நாய்ஸ் கேட் பற்றி ஒரு வார்த்தை. இடைவெளியில் கேட்கும் ரீங்காரத்தை அது மூடும். வாசிக்கும்போது சுரத்தோடு கலந்து வருவதை அதால் பிரிக்க முடியாது. காரணத்தைத் தீர்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

எப்போது ரிப்பேர்காரரிடம் போவது

நட் பள்ளம், ஃப்ரெட் சமன்படுத்துதல், ட்ரஸ் ராட் உள்ளே ஆடுவது, பிக்கப் கீச்சிடுவது ஆகிய நான்கும் அவர் வேலை. பிளாஸ்டிக் பிக்கால் பிக்கப்பைத் தட்டினால் ஆம்பில் பலமாகக் கேட்டு, கெயினில் ஊளையிட்டால் உள்ளே காயில் தளர்ந்திருக்கிறது. அதை உருகிய மெழுகில் முக்கிச் சரிசெய்வார்கள். அடுப்பில் வைத்து நீங்களே முயலாதீர்கள். மெழுகு தீப்பிடிக்கும், சூடு கூடினால் காயிலின் பிளாஸ்டிக்கும் உருகும்.

போகும்போது கைபேசிப் பதிவைக் கொண்டுபோங்கள். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட், எங்கே தொட்டால் நிற்கிறது, என்னென்ன ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் தந்தி செட்டையும் உங்கள் ட்யூனிங்கையும் அதிலேயே குறித்துவிடுங்கள். வேறு தடிமனில் தந்தி போட்டு அவர் நட்டைச் சரிசெய்தால், வீட்டுக்கு வந்து உங்கள் தந்தியை மாட்டியதும் அதே ரீங்காரம் திரும்பிவரும்.